மதியம் இரண்டு மணிக்கு நின்றுபோகும் கணினி

விருதுநகரில் பெரியம்மா மகள் நடத்தும் டிடிபி கடையில் இருப்பது ஒரே ஒரு கணினி. போன மே மாதம் அது அக்காவைப் படுத்தாத பாடில்லை. காலையில் ஒழுங்காக ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் போட்டோஷாப்பில், மறுநாள் பிரவுசரில், அடுத்த நாள் யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போது. நீலத்திரையில் வரும் பிழையின் பெயரும் ஒவ்வொரு தடவையும் வேறு. சர்வீஸுக்கு வந்தவர் மூன்று முறை ஃபார்மேட் அடித்தார். மூன்றாவது முறை விண்டோஸ் ஏறவே இல்லை. கோப்பு சிதைந்திருக்கிறது என்று பாதியில் நின்றது. அதே பென்டிரைவை வேறொரு கணினியில் செருகினால் சிக்கல் இல்லாமல் ஏறியது.

விடையில் பாதி அங்கேயே இருந்தது. மென்பொருள் கோளாறு பெரும்பாலும் இடம் மாறாது. அதே வேலையைச் செய்தால் அதே இடத்தில் விழும். வன்பொருள் கோளாறு அலையும். கணினி ஓடும்போது நிரல்களையும் தரவையும் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்தான் ரேம். அதில் ஒரு துளி இடம் பழுதென்றால், அந்தந்த நேரத்தில் எது அங்கே வந்து உட்காருகிறதோ அது மாட்டிக்கொள்ளும். இன்று பிரவுசர், நாளை விண்டோஸின் உள் உறுப்பு ஒன்று.

8 ஜிபி ரேமில் ஏறத்தாழ 6,870 கோடி செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரும்தான். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அந்தக் கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒற்றை 1 அல்லது 0-தான் ஒரு பிட். ஆனால் அந்த மின்னூட்டம் தங்காது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு செல்லையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும்; சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லிநொடிக்குள் நிரப்பச் சொல்கிறது தரவிதி. நல்ல செல் இந்த இடைவெளியைச் சுலபமாகத் தாங்கும். நலிந்த செல்லோ காலையில் எப்படியோ சமாளித்துவிட்டு, மே மாத மதிய வெக்கையில் நிரப்பும் முறை வருவதற்குள் வற்றிப்போகும். 1 எழுதிய இடத்தில் 0 கிடைக்கும்.

"கரண்ட் பிரச்சினைதான், புது எஸ்எம்பிஎஸ் போடணும்னு சொல்றாங்களேப்பா" என்றார் அக்கா. கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அப்படிச் சொன்னவர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்திருக்கிறார். பெயரில் பவர் இருப்பதால் பலரும் இதில் ஏமாறுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதுதான் அந்தப் பதிவின் பொருள். மின்சாரம்தான் காரணம் என்று அது சொல்வதில்லை. எஸ்எம்பிஎஸ் நலிந்தால் பெரும்பாலும் நீலத்திரை வரக்கூட நேரமிருக்காது. விளையாட்டோ வீடியோ ரெண்டரிங்கோ ஓடி மின்சாரத் தேவை ஏறும்போது பொட்டென்று அணையும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே காட்டினால் சரி என்பார்கள். ஆனால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் விழுந்து எழும் வோல்டேஜ் அதன் கண்ணில் படாது. எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால், நன்றாக ஓடும் இன்னொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அக்காவின் போர்டில் எல்லாமே தட்டையாக இருந்தன.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே கணினியைக் கிளப்பினேன். அது ரேம் முழுக்க 0, 1 அடங்கிய ஒரு வடிவத்தை எழுதும், திரும்பப் படிக்கும், ஒப்பிடும். பிறகு அதைத் தலைகீழாக்கி மறுபடி எழுதும். இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. இங்கேதான் பலர் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். கேபினெட்டை மூடி, ஃபேனை நிறுத்தி, மறுநாள் மதியமும் ஓடவிட்டேன். இரண்டேகால் மணிக்குச் சிவப்பு வரி ஒன்று விழுந்தது. எழுதிய எண்ணுக்கும் படித்த எண்ணுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அடுத்த சுற்றிலும் ரேமில் அதே முகவரி, அதாவது அதே இடம், அதே பிட்.

அந்த முகவரியைக் கவனிக்க வேண்டும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் செல் பழுது. முகவரிகள் சிதறி, பிட் மட்டும் ஒன்றாகவே இருந்தால் ரேமைச் செருகும் ஸ்லாட்டிலோ ரேமின் உலோகப் பின்களிலோ தொடர்பு சரியில்லை என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, இரண்டு ரேம்களையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றில் பிழை இல்லை. மற்றதைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றியும் பிழை அதன் பின்னாலேயே போனது. ஆக, ஸ்லாட் மேல் குற்றமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இதைச் சொல்ல முடிந்தது. ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றியிருந்தால் கணினி சரியாகியிருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

ரேம் பிழை என்றாலே விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைக் கைகாட்டும் பழக்கம் இணையத்தில் உண்டு. கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய தரவை, டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர் இருவரும் 2009-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு நூற்றில் எட்டுக்கும் மேற்பட்ட ரேம்கள் பிழை காட்டின. பெரும்பான்மைக்குக் காரணம் வந்துபோகும் கதிரல்ல, ரேமிலேயே தங்கிவிட்ட பழுது என்பதே அவர்கள் முடிவு. ஒருமுறை பிழை காட்டிய ரேம் மறுபடி பிழை காட்டும் வாய்ப்பும் பல மடங்கு. அதனால் "ஒரே ஒரு பிழைதானே" என்று அதை வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒற்றைப் பிட் பிழையை அங்கேயே திருத்திவிடுவார்கள். நம் வீட்டு, கடைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது.

அக்காவுக்குப் புது ரேம் போட்டு, அடுத்த மதியமும் மெம்டெஸ்ட் ஓடி, பிழையில்லாமல் முடிந்த பிறகே விண்டோஸ் ஏற்றினோம். முன்பு மறுத்த அதே பென்டிரைவிலிருந்து மறுபேச்சில்லாமல் ஏறியது.

அதன்பிறகு பழைய வேலைகளைத் திறந்து பார்த்தோம். ஒரு வளைகாப்பு ஆல்பத்தில் இரண்டு படங்கள் மேல்பாதி சரியாக இருந்தன. வளையல் அடுக்கிய கைக்குக் கீழே எல்லாம் இளஞ்சிவப்பாகிப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியைச் சார்ந்தே எழுதப்படுகிறது. ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் அங்கிருந்து கடைசிவரை கெடும். ரேமில் புரண்ட பிட்டோடு அந்தப் படங்களைச் சேமித்தபோது கணினி நிற்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. கேமரா கார்டை எப்போதோ அழித்துவிட்டதாக அக்கா சொன்னார்.