எக்ஸ்ட்ராக்ட்: சாறா, சாரமா?

"பழச்சாறு புற்றுநோய்ச் செல்களை அழித்தது" என்று ஒரு ஆய்வுச் செய்தியைத் தமிழில் பார்க்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது. ஆய்வாளர்கள் எழுதிய சொல் 'எக்ஸ்ட்ராக்ட்'. அதைச் சாறு என்று மாற்றிவிட்டால், நோயாளியின் வீட்டார் மறுநாளே அந்தப் பழத்தைப் பிழிந்து டம்ளரில் நீட்டுவார்கள். ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது பிழிவதே இல்லை.

பழத்தோலையோ சதையையோ உலர்த்திப் பொடியாக்கி எத்தனால், மெத்தனால், ஹெக்ஸேன் போன்ற ஒரு கரைப்பானில் ஊறவைப்பார்கள். பிறகு வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்குவார்கள். கடைசியில் பிசுபிசுவென்றோ பொடியாகவோ கொஞ்சம் மிஞ்சும். அதுதான் எக்ஸ்ட்ராக்ட். அதை மைக்ரோகிராம் கணக்கில் கரைத்து, தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள்மேல் நேராக விடுவார்கள். ஓரிரு நாள் கழித்து எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தைச் சேர்த்தால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். ஊதா எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செல்கள் செத்தோ செயலிழந்தோ இருக்கின்றன என்று கணக்கு. குடித்த சாறோ வயிறு, குடல், ஈரல் என்று எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'டிராஹெரெ' என்றால் இழு. வெளியே இழுக்கப்பட்டது எக்ஸ்ட்ராக்ட். டிராக்டரும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் இதற்கு ஈடான வினை நம் வாயிலேயே இருக்கிறது: இறங்குதல். கொதிநீரில் தேயிலையைப் போட்டால் "சாயம் இறங்கிடுச்சா?" என்று கேட்கிறோமே, கரைப்பான் செய்வது அதே வேலை. மருத்துவத் தமிழும் பக்குவத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தது. பிழிந்தது சாறு, காய்ச்சியது குடிநீர், ஆவியாக்கிக் குளிர்வித்து எடுத்தது தீநீர். இத்தனை நுட்பமாகப் பிரித்த மொழியில் எல்லாவற்றையும் 'சாறு' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. 'பிழிவு' என்பதும் பொருந்தாது, அதிலும் பிழிதல்தான் இருக்கிறது.

என் தேர்வு 'சாரம்'. வடமொழி வழி வந்தாலும் நன்றாக ஊறிய சொல். செயலுக்குப் 'பிரித்தெடுத்தல்' போதும். ஒரு சங்கடம் உண்டு: சாரம் என்றதும் 'சிறந்த பகுதி' என்ற பாராட்டும் ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டில் அந்தப் பாராட்டு கிடையாது. ஹெக்ஸேனில் எண்ணெயும் மெழுகும் இறங்கும், நீரில் சர்க்கரை இறங்கும். எது கரைகிறதோ அதுவே வரும், நல்லது கெட்டது பார்க்காது. அதனால் கரைப்பானின் பெயரை முன்னால் சேர்த்து எத்தனால் சாரம், நீர்ச் சாரம் என்று எழுத வேண்டும்.

சாரமும் மருந்து ஆகிவிடாது. பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதன் சாரத்திலிருந்து பாக்லிடாக்ஸல் என்ற ஒற்றைச் சேர்மத்தைப் பிரித்து, அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டது 1971இல். அமெரிக்காவில் அது புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது 1992இல்.

அந்தச் செய்தித் தலைப்பை நான் இப்படி எழுதுவேன்: "பழத்தோலின் எத்தனால் சாரம், ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தைக் குறைத்தது."