பழைய அச்சை விற்பதற்கு முன் ஒலியளவைச் சமன்செய்யுங்கள்

சென்ற வாரம் ஒருவர் ஒரே ஆல்பத்தின் மூன்று இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று முதல் அச்சு, மற்றொன்று சில ஆண்டுகள் கழித்து வந்த மறு அச்சு, மூன்றாவது அண்மையில் வெளியான, 180 கிராம் எடையுள்ள கனமான தட்டு. முதலிரண்டையும் விற்றுவிட முடிவுசெய்திருந்த அவர், விற்பதற்கு முன் அவற்றை டிஜிட்டல் பதிவாக மாற்றித் தரக் கேட்டார். புதிய தட்டில் பாடகர் எதிரே நின்று பாடுவதாகவும் பழைய தட்டுகளில் போர்வைக்குள் இருந்து பாடுவதாகவும் அவர் தீர்ப்பு வழங்கினார். தட்டுகளைக் கழுவுவதும் ஊசி பொருத்துவதும் பதிவெடுப்பதும் என் தொழில் என்பதால், இப்படிப்பட்ட தீர்ப்புகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

மூன்று தட்டுகளிலும் ஒரே பாடலின் ஒரே பகுதியை, ஆம்ப்ளிஃபையரின் எந்தக் குமிழையும் தொடாமல் பதிவுசெய்து அளந்தேன். புதிய தட்டு மற்ற இரண்டைவிட 2 டெசிபலுக்குச் சற்று மேல் உரத்து ஒலித்தது. அவர் கேட்டு மயங்கிய தெளிவில் பெரும்பங்கு அந்த 2 டெசிபல்தான்.

இதைச் சொன்னவுடன் எல்லோரும் "என் காதை நான் நம்புகிறேன்" என்கிறார்கள். காதில் எந்தக் குறையும் இல்லை. ஒலியளவு குறையும்போது தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் நடுச் சுரங்களைவிட விரைவாக மங்குகின்றன என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே சற்று உரத்த தட்டில் பேஸ் நிறைவாகவும் சிம்பல் பளிச்சென்றும் கேட்பது இயற்கை. ஒலியளவு இருமடங்கானால் யாரும் ஏமாற மாட்டார்கள், குமிழைத் திருப்பிக் குறைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசத்தைத்தான் பலரும் ஒலியளவாக உணர்வதில்லை; அருகாமை, உயிர்ப்பு, விரிவு என்று அதற்கு வேறு பெயர்கள் சூட்டிவிடுகிறார்கள். ஒரு தட்டு எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் லாக்கரில், அதாவது தட்டுகளுக்கெல்லாம் மூலமான மென்பூச்சுத் தட்டில், பள்ளம் வெட்டும் பொறியாளர். ஒரு பக்கத்தில் 25 நிமிட இசையை அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அதே இசையை இரண்டு தட்டுகளில் பரப்பினால் தாராளமாக உரக்க வெட்டலாம். அப்படி வெட்டும்போது மேற்பரப்பு இரைச்சல் இசைக்குக் கீழே தாழ்ந்துவிடுவது மெய்யான ஆதாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒலியளவால் மூல நாடாவிலிருந்து புதிதாக ஒரு நுணுக்கமும் வெளிவந்துவிடுவதில்லை. வெறும் 2 டெசிபலுக்காகப் புதிய தட்டு வாங்குகிறவர், கையருகே இருக்கும் குமிழைச் சற்றுத் திருப்பியிருந்தாலே போதும்.

கனமான தட்டு நன்றாக ஒலிக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; எடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஸ்டாம்பரை, அதாவது தட்டில் பள்ளத்தைப் பதிக்கும் உலோக அச்சை, கொண்டு அழுத்தினால் 120 கிராம் தட்டிலும் 180 கிராம் தட்டிலும் விழுவது ஒரே பள்ளம்தான்.

அவருடைய முதலிரண்டு தட்டுகளையும் விளக்கொளியில் சாய்த்து, லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருந்த மேட்ரிக்ஸ் எண்களைப் படித்தேன். எண்ணும் வெட்டியவரின் முதலெழுத்துகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. அதாவது லேபிளின் நிறம் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே லாக்கரிலிருந்து பிறந்தவை. முதல் அச்சு என்ற பெயருக்காக ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கு, ஸ்டாம்பரின் தேய்மானத்தைத் தவிர உற்பத்தியில் வேறு காரணம் அநேகமாக இல்லை. வேறுபாடு இருந்தது, ஆனால் அது பள்ளத்தில் படிந்திருந்த அழுக்கிலும் முந்தைய உரிமையாளரின் ஊசி விளைத்த சேதத்திலும் இருந்தது. அவருடைய சொந்த ஊசியையும் நுண்ணோக்கியில் வைத்தேன். ஊசிமுனை வைரத்தின் இரு பக்கங்களும் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அந்த ஊசியால்தான் மூன்று தட்டுகளுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார். போகிற போக்கில் மூன்றையும் கெடுத்துமிருக்கிறார்.

பாடல் தட்டில் எங்கே இருக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், பக்கத்தின் தொடக்கத்தில் பள்ளம் ஊசியின் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்விளிம்பில் அது 21 சென்டிமீட்டராகக் குறைகிறது, அதோடு ஒலியின் தெளிவும் குறைகிறது. பழைய பதிப்பில் பக்கத்தின் கடைசிப் பாடலாக இருந்தது, இரட்டைத் தட்டுப் பதிப்பில் முதல் பாடலாக இடம்பெயர்ந்தால், மாஸ்டரிங் (வெட்டுவதற்கு முன் ஒலியைச் சீர்செய்யும் வேலை) அப்படியே இருந்தாலும் அது நன்றாகத்தான் கேட்கும். அதேபோல நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகிப்போன தட்டில், 1.8 நொடிக்கு ஒரு முறை, உள்பள்ளங்களில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு வரை சுருதி ஏறி இறங்கும். அது உங்கள் கையிலிருக்கும் ஒரு பிரதியின் குறை, அதற்காக அந்தப் பதிப்பு முழுவதையும் பழிக்காதீர்கள்.

நம்பிக்கை காதை எப்படி நடத்திச் செல்கிறது என்பதற்கு 2022-ஆம் ஆண்டு ஒரு பாடம். முழுக்க அனலாக், அதாவது எங்கும் டிஜிட்டலாக மாற்றப்படாதவை, என்று ரசிகர்கள் கொண்டாடிய மொபைல் ஃபிடெலிட்டி என்னும் மறுவெளியீட்டு நிறுவனத்தின் பல தட்டுகளில், இடையில் டி.எஸ்.டி. என்னும் டிஜிட்டல் பதிவு முறை பயன்பட்டிருந்தது அப்போது தெரியவந்தது. அதற்கு முன் அவற்றைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. தட்டுகள் மோசமானவை என்று இதற்குப் பொருளில்லை, அவை நன்றாகவே ஒலிக்கின்றன.

ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் முறையாக ஒப்பிடுங்கள். முதலில் எல்லாத் தட்டுகளையும் ஒரே முறையில் கழுவுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழங்கால ஷெல்லாக் (அரக்கு) தட்டின் பக்கம் ஆல்கஹால் கலந்த திரவத்தைக் கொண்டுபோகவே கூடாது, ஷெல்லாக் அதில் கரைந்துவிடும். எந்தத் தட்டையும் குறைசொல்வதற்கு முன் ஊசியைச் சோதியுங்கள். ஒரே பகுதியைப் பதிவுசெய்து, சராசரி ஒலியளவைக் கொண்டு 0.2 டெசிபலுக்குள் சமன்செய்யுங்கள். உச்ச அளவைக் கொண்டு சமன்செய்தால் ஒரே ஒரு கீறலின் 'டிக்' ஓசை உங்கள் கணக்கைக் கவிழ்த்துவிடும். எது எந்தத் தட்டு என்பது தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கவிடச் சொல்லுங்கள், அதுவும் ஒன்றிரண்டு முறையோடு நிறுத்திவிடாமல் பத்து முறையாவது. கைபேசியில் எடுத்த காணொளியைக் கேட்டு எந்த அச்சையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மனிதரையும் இப்படியே உட்காரவைத்தேன். கழுவிச் சமன்செய்த பிறகு முதலிரண்டு தட்டுகளையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. புதிய தட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார், ஏனெனில் அதன் மாஸ்டரிங்கில் உயர்ந்த சுரங்கள் சற்று ஏற்றப்பட்டிருந்தன. அது தனக்குப் பிடித்திருப்பதாக இப்போதும் சொல்கிறார், அது அவர் ரசனை. முதலிரண்டில் ஒன்றை மட்டும் விற்கப்போகிறாராம். எதை என்று புதிய ஊசி வந்த பிறகு கேட்டு முடிவுசெய்வாராம்.