படியெடுத்தல் காரணி

உயிரியலில் 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்' எனப்படுவதைத் தமிழில் படியெடுத்தல் காரணி என்கிறோம். 'நகலாக்கக் காரணி' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு முதல் சொல்தான் சரியாகப் படுகிறது.

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் கடந்து, அப்பால். 'ஸ்கிரிபெரே' என்றால் எழுதுதல். ஓரிடத்து எழுத்தை வேறிடத்தில் எழுதிக்கொள்வதுதான் டிரான்ஸ்கிரிப்ஷன். கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எழுத்தை எடுப்பதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் படியெடுத்தல் என்றே சொல்கிறார்கள். கல் இருந்த இடத்தில் இருக்கும், படி மட்டும் வெளியூர் போகும். நம் செல்களிலும் டி.என்.ஏ. உட்கருவை விட்டு அசைவதில்லை. வேண்டிய மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து வெளியே அனுப்ப, அதைப் பார்த்துப் புரதம் கட்டப்படுகிறது. நகல் என்றாலோ, டி.என்.ஏ. முழுவதும் இரட்டிப்பாகும் வேறொரு நிகழ்ச்சி மனதில் வந்துவிடும்.

சரி, காரணி? 'ஃபேக்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குச் செய்பவர் என்று பொருள். இங்கேதான் குழப்பம் வருகிறது. படியெடுக்கும் வேலையைச் செய்வது இந்தக் காரணி அல்ல, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. காரணி என்பது டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம். நொதியை அங்கே வரவழைத்தால் அது ஊக்கி, வரவிடாமல் தடுத்தால் அடக்கி. பாக்டீரியாவில் இப்படி ஓர் அடக்கி இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு உயிரியலாளர்கள் ழாக்கோபும் மோனோவும் 1961இல் விளக்கினார்கள். மனிதரிடம் இத்தகைய காரணிகள் சுமார் 1,600 உண்டு. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்தப் பகுதியைப் படியெடுப்பது என்பதில்தான் இரண்டும் வேறாகின்றன.

கரு வளரும்போது இவற்றின் ஆற்றல் வியக்க வைக்கிறது. பழ ஈயின் இளங்கருவில் 'பைகாய்ட்' என்ற காரணி ஒரு முனையில் மிகுந்தும், மறுமுனை நோக்கிப் போகப்போகக் குறைந்தும் இருக்கும். மிகுந்த முனையே தலையாகிறது.

அப்புறம் 'ஐலெஸ்'. கண்ணிலி என்று தமிழாக்கலாம். அந்த மரபணு கெட்டால் ஈக்குக் கண் சரியாக வளராது, அதனால் வந்த பெயர். அது தரும் புரதமும் ஒரு படியெடுத்தல் காரணிதான். 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உயிரியலாளர் வால்டர் கெரிங்கின் குழுவினர் இந்த மரபணுவை ஈயின் காலும் இறகும் உணர்கொம்பும் உருவாகும் இடங்களில் இயங்க வைத்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது! எலியில் இதற்கு இணையான மரபணுவை ஈக்குள் வைத்தபோதும் கண் வந்தது. ஆனால் அது எலிக்கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண். காரணி எலியினுடையது என்றாலும், படியெடுக்கப்பட்டது ஈயின் டி.என்.ஏ. அல்லவா!