ஒரு பலூன் பயத்தில் போன ஏழு மாதம்

போன வாரம் 66 வயதுப் பெரியவர் ஒருவர் மகனோடு ஸ்கேனுக்கு வந்தார். யூரோ டாக்டர் புரோஸ்டேட்டுக்கு (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகன்தான் சொன்னார்: "பின்னாடி வழியா பலூன் விட்டு ஊதுவாங்கன்னு பக்கத்து வீட்டு மாமா சொல்லிட்டார் டாக்டர். அப்பா வரவே மாட்டேன்னுட்டார்." அந்த ஏழு மாதத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டில் பிரச்சினை இருக்கலாம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 7-இலிருந்து 15 ஆகிவிட்டது. இதே பயத்தில் தள்ளிப்போட்டு வந்தவர்களில் இந்த வருடம் இவர் நான்காவது ஆள். மனசு ஆறவில்லை.

மாமா சொன்னது பொய்யில்லை. பலூனோடு மலக்குடலுக்குள் வைக்கும் காயில் என்று ஒன்று உண்டு; காயில் என்றால் படத்துக்கான சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா மாதிரி. புரோஸ்டேட் மலக்குடலை ஒட்டியே இருப்பதால், பழைய 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷின்களில் அதை உள்ளே வைத்தால்தான் சிக்னல் போதுமான அளவு கிடைத்தது. இன்று இடுப்பின் மேல் போர்வை மாதிரி ஒரு காயிலைப் போர்த்துகிறோம். மேஜைக்குள் இருக்கும் காயிலும் கூடவே வேலை செய்கிறது. 3 டெஸ்லாவிலும், சிக்னல் வாங்கும் சேனல்கள் நிறைய உள்ள நல்ல 1.5 டெஸ்லாவிலும் இதுவே போதும். புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.க்காக 2019-இல் வந்த பை-ராட்ஸ் 2.1 வழிகாட்டுதலும் உள் காயிலைக் கட்டாயமாக்கவில்லை.

"இருந்தாலும் உள்ள வெச்சு எடுத்தாத்தானே டாக்டர் தெளிவா இருக்கும்?" படித்தவர்களே கேட்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். உள் காயில் தன்னை ஒட்டிய பகுதியைக் கண் கூசும் வெளிச்சமாகக் காட்டும். தள்ளிப் போகப் போக சிக்னல் வேகமாகக் குறையும். சுரப்பியின் முன்பக்கம்தான் அதற்கு எட்டாத தூரம்; ஊசிப் பரிசோதனையில் (பயாப்சி) அடிக்கடி தப்பிப்போகும் கட்டிகளும் அங்கேதான் இருக்கும். அப்புறம், ஊதிய பலூன் சுரப்பியை அழுத்தி வடிவத்தையே மாற்றிவிடும். கதிர்வீச்சுத் திட்டம் போடும்போது அந்தப் படம் நிஜ வடிவத்தோடு பொருந்தாது. பலூனுக்குள் காற்று இருந்தால் டிஃப்யூஷன் படம் (திசுவுக்குள் நீரின் அசைவைக் காட்டும் படம்) கோணலாகும் என்றுதான் திரவம் நிரப்பும் வழக்கமே வந்தது. பழைய மெஷினில், கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இன்றும் அது உதவலாம். அதைத் தாண்டி, "வலித்தால்தான் நல்ல படம்" என்று ஒன்று கிடையாது.

படத்தை நிஜமாகக் கெடுப்பவை வேறு. போன மாதம் ஒருவர் வெளியில் எடுத்த ஸ்கேனைக் கொண்டுவந்தார். 3 டெஸ்லா மெஷின்தான். ஆனால் படத்தை 3 மில்லிமீட்டர் தடிமன் துண்டுகளாக எடுக்க வேண்டியதை 5 மில்லிமீட்டரில் எடுத்திருந்தார்கள். காயிலின் நடுப்பகுதி தொப்புள் பக்கம் ஏறிக் கிடந்திருக்கிறது. மலக்குடல் முழுக்க வாயு. டிஃப்யூஷன் படத்தில் சுரப்பியின் பின்பக்கமே நசுங்கிப்போயிருந்தது. மறுபடி எடுக்கவேண்டி வந்தது, பணமும் இரண்டு தடவை.

அதனால், ஸ்கேன் அன்று காலையில் மலம் கழித்துவிட்டு வாருங்கள். முந்தின நாள் வாயு சேரும் சாப்பாடு வேண்டாம். உள்ளே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், மூத்திரம் போய்விட்டே படுங்கள். பயாப்சி எடுத்திருந்தால் ஆறு வாரமாவது போகட்டும், ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். இடுப்பு மூட்டு மாற்றியிருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பதிவின்போதே சொல்லுங்கள், மேஜையில் படுத்த பிறகு அல்ல. பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டுகளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்தப் பெரியவருக்கு சந்தேகமான இடம் முன்பக்கத்தில்தான் இருந்தது. போர்வைக் காயிலிலேயே தெளிவாகத் தெரிந்தது. அடுத்து பயாப்சி.

பயமாக இருந்தால் சென்டருக்கு ஒரு போன் போட்டு, "உள்ளே ஏதாவது வைப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதிக் கொடுக்கும் டாக்டர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: சீட்டைக் கொடுக்கும்போதே, உள்ளே ஏதாவது வைப்பார்களா இல்லையா என்ற அந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்புங்கள்.