மீள்திறன்: பின்னடைவும் அல்ல, நெகிழ்ச்சியும் அல்ல

"பயிர்ப் பல்வகைமை மூலம் சிறு விவசாயிகளின் பின்னடைவை அதிகரித்தல்." வேளாண் திட்ட அறிக்கைகளிலும் பயிற்சித் துண்டறிக்கைகளிலும் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கிறேன். எழுத நினைத்ததற்கு நேர் எதிரான பொருள் இது. வாக்கு எண்ணிக்கை நாளில் 'வேட்பாளர் பின்னடைவு' என்று செய்தி ஓடினால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ரெசிலியன்ஸ் (resilience), அதாவது அடி விழுந்தாலும் மீண்டு எழுவது, என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புச் செயலி 'பின்னடைவு' என்று தருகிறது. அதைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

மூலம் லத்தீன். 'ரெசிலீரே' என்றால் துள்ளித் திரும்புதல். 1973இல் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் காடு, ஏரி, வயல் என்று உயிர்ச்சூழல் பற்றிய பேச்சில் வேரூன்றியது. அடி விழுந்தாலும் அதை உள்வாங்கிக்கொண்டு, கட்டமைப்பு குலையாமல் தொடர்வதையே அவர் இந்தச் சொல்லால் குறித்தார்.

'பின்னடைவு' கவனக்குறைவால் வந்தது; சுட்டிக்காட்டினால் போய்விடும். எனக்குப் பெரிய வருத்தம் 'நெகிழ்ச்சி'யின் மேல்தான். அதைப் படித்தவர்கள் யோசித்தே எழுதுகிறார்கள்: காலநிலை நெகிழ்ச்சி, நெகிழ்திறன் வேளாண்மை. நாணல்போல் வளைந்து கொடுப்பதுதானே ரெசிலியன்ஸ் என்பது அவர்கள் வாதம். நெகிழ்தல் என்ற சொல் தமிழில் அப்படி வாழவில்லை. சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை நெகிழும். இறுக்கம் தளர்ந்து கழன்று விழுவது அது. நம் காலத்தில் பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்று பெயர் வைத்தோம். அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிடுகிற பொருள் என்பதால் அது பொருந்துகிறது. மேடையில் 'நெகிழ்ந்து போனேன்' என்றால் மனம் உருகினேன் என்று பொருள். தளர்வதும் கழல்வதும் உருகுவதும் இதில் உண்டு, பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும் இல்லை. வேலை நேரத்தில் நெகிழ்வு, விதிகளில் நெகிழ்வு என்று சொல்லுங்கள், சரி. வறட்சியைத் தாண்டி வந்த ஒரு குடும்பத்துக்கு இந்தச் சொல்லை ஒட்டாதீர்கள்.

மானாவாரிக் காட்டைப் பாருங்கள். சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்து, வரப்போரத்தில் ஆமணக்கு ஊன்றியிருப்பார்கள். நடுவில் மழை நின்றுவிட்டால் சோளம் கதிர் வைக்காமல் வெறும் தண்டாக, தட்டையாகவே காயும். அது மாட்டுக்கு ஆகும். தட்டைப்பயறு குறுகிய நாள் பயிர், ஈரம் இருக்கும்போதே நாலு காய் கொடுத்திருக்கும். துவரையின் ஆணிவேர் ஆழத்துக்குப் போய்விடும். தை, மாசியில் அது காய்க்கும். அந்த வருடம் சோளம் போனது, குடும்பம் போகவில்லை. பருப்பு இருக்கிறது, மாடு விற்கப்படாமல் நிற்கிறது, அடுத்த ஆடிக்கு விதை இருக்கிறது. இதில் எது நெகிழ்ந்தது?

'தாங்குதிறன்' என்று சிலர் எழுதுகிறார்கள். இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் இது வயலில் இருந்து வந்த சொல். காட்டுயானம் நெல் தண்ணி தாங்கும், குழியடிச்சான் நெல் உவர் தாங்கும் என்பதுதான் டெல்டாக்காரர்கள் பேச்சு. ஆனால் தாங்குவது ஒரு ரகத்தின் குணம். ரெசிலியன்ஸ் மொத்த வயலுக்கும் வீட்டுக்கும் உரியது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. எந்த மரமும் அந்தக் காற்றைத் தாங்கியிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். புதிதாக நட்ட கன்று பலன் தர ஐந்தாறு வருடம் ஆகும்போது, அதுவரை எதை வைத்துச் சாப்பிடுவது என்பதே கேள்வி. கொஞ்சம் நெல், கொஞ்சம் உளுந்து, இரண்டு மாடு என்று வைத்திருப்பவருக்கு அதற்குப் பதில் உண்டு. தென்னை ஒன்றையே நம்பியவருக்கு இல்லை.

ஆகவே மீள்திறன். மீள்வது என்றால் விழுந்ததும் அதிலேயே அடங்கியிருக்கிறது. 'மீள்தன்மை' என்றும் எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் அது ரப்பர், வில்சுருள் இவற்றின் இயற்பியல் பண்புக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தன்மை பிறவியிலேயே இருப்பது, திறன் வளர்த்தெடுப்பது. எந்த விதையைக் கலப்பது, எதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பது என்ற அறிவு வளர்த்தெடுத்ததுதான்.

இதே அறிக்கைகளில், கொஞ்ச நிலம் வைத்துப் பயிர் செய்பவரைக் குறிக்கும் ஸ்மால்ஹோல்டர் (smallholder) என்பதற்குச் 'சிறு உடைமையாளர்கள்' என்றும் வருகிறது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி என்று அரசே பிரித்து வைத்திருக்கிறது. சொட்டுநீர் மானியத்துக்காக சிறு, குறு விவசாயி சான்று வாங்க அலைந்த யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.