வாய்டு பாயின்டர் கேள்வி கேட்காது

சி மொழியில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுத முடியாது. மைனஸ் குறியை நீக்குவதற்கே முழு எண் டைப்பான இன்ட்டுக்கு ஏபிஎஸ், தசம எண் டைப்பான டபுளுக்கு எஃப்ஏபிஎஸ், இன்னொரு தசம எண் டைப்பான ஃப்ளோட்டுக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருப்பது அதனால்தான்.

எல்லா டைப்புக்கும் ஒரே ஃபங்ஷன் வேண்டும் என்றால் பலரும், எந்த டைப் என்று சொல்லாமல் முகவரியை மட்டும் வைத்திருக்கும் வாய்டு பாயின்டரைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள, அரேயை வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டும் அப்படித்தான் இயங்குகிறது. அரேயின் முகவரி, உறுப்புகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் எத்தனை பைட், ஒப்பிட ஒரு ஃபங்ஷன்: இவற்றைக் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பது இன்ட்டா டபுளா என்பது அதற்குத் தெரியாது.

ரிவ்யூவுக்கு வரும் கோடில் நான் முதலில் தேடுவது அந்த ஒப்பிடும் ஃபங்ஷனை. டபுள் அரேயைக் கொடுத்துவிட்டு, இன்ட்டுக்காக எழுதியதை மாட்டியிருந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. பெரும்பாலான கணினிகளில் டபுள் 8 பைட். அதில் 4 பைட்டை மட்டும் எடுத்து இன்ட்டாகப் படித்தால் வரிசை எப்படிச் சரியாக வரும்? டைப் சரியாக இருந்தாலும், சிலர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடையை அப்படியே திருப்பி அனுப்புகிறார்கள். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி. 32 பிட் இன்ட்டில் சுமார் 214 கோடிக்கு மேல் இடமில்லை. கழிக்காதீர்கள்; பெரியதா, சிறியதா என்று கேட்டு 1, மைனஸ் 1, 0 என்று அனுப்புங்கள்.

2011இல் வந்த சி11 தரத்தில் இதற்கு நல்ல வழி பிறந்தது: அண்டர்ஸ்கோர் ஜெனரிக். டைப்புக்கு ஒரு கிளையாக எழுதிவைத்தால், கொடுத்த மதிப்பின் டைப்பைப் பார்த்து, எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்பதைக் கம்பைல் ஆகும்போதே இது முடிவு செய்துவிடும். ஒரு மேக்ரோவுக்குள் (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் பெயர்) வைத்துவிட்டால், அழைப்பவருக்கு ஒரே பெயர் போதும்.

தனிக் கிளை இல்லாத டைப்புகளெல்லாம் போய்ச் சேரும் டீஃபால்ட் கிளையை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். அதில் ஏபிஎஸ் போட்டு, ஃப்ளோட்டுக்குக் கிளை வைக்க மறந்தால், மைனஸ் 0.75 உள்ளே போய் 0 ஆகத் திரும்பும். டீஃபால்ட் இல்லையென்றால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

அப்புறம், எழுத்துக்கான சார் டைப்புக்குக் கிளை வைப்பவர்கள் இதையும் சோதித்துப் பாருங்கள். சார் வேரியபிளைக் கொடுத்தால் சார் கிளைக்குப் போகும். ஒற்றை மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிய எழுத்தைக் கொடுத்தால் இன்ட் கிளைக்குப் போகும். சி மொழியில் அதன் டைப் இன்ட்தான்.