ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

ஹெலிகாப்டர் என்ற சொல்லை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால், யோசிக்காமல் ஹெலி-காப்டர் என்போம். ஆங்கிலம் பேசுகிறவர்களும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஹெலிபேட், குவாட்காப்டர் எல்லாம் அந்த வெட்டில் பிறந்தவைதான். ஆனால் சொல்லின் ஒட்டு அந்த இடத்தில் இல்லை. ஹெலிகோ-ப்டர் என்று பிரித்தால்தான் பொருள் வரும்.

1861இல் பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் த பொன்தோன் தாமேக்கூர் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதை உருவாக்கினார். 'ஹெலிக்ஸ்' என்றால் திருகுசுருள். வேறு சொல்லோடு சேரும்போது 'ஹெலிகோ' ஆகும். 'ப்டெரான்' என்றால் சிறகு. திருகாணி சுற்றிச் சுற்றி மரத்துக்குள் இறங்குகிறதல்லவா, அதே மாதிரி காற்றைத் திருகிக்கொண்டு மேலே ஏறும் சிறகு. (நீராவியில் இயங்கும் சிறிய மாதிரி ஒன்றையும் அவர் செய்து பார்த்தார். அது தரையை விட்டு எழும்பவில்லை. பெயர் மட்டும் பறந்துவிட்டது.)

இரண்டு பாதிகளுக்கும் வேறு உறவுகள் உண்டு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி சுருள் வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். வண்ணத்துப்பூச்சி வகைக்கு லெபிடாப்டெரா என்று பெயர். 'செதில் சிறகு' என்று அர்த்தம். பூச்சியைப் பிடித்துவிட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுமே, அதுதான் அந்தச் செதில். ஹீலியம் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது சூரியனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்' வழி வந்தது.

சரி, வெட்டு ஏன் இடம் மாறியது? 'ப்ட' என்று ஒரு சொல்லைத் தொடங்க ஆங்கில நாக்குக்கு வராது. டெரோடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் விலங்கின் பெயரும் 'ப்டெரான்' வழி வந்ததுதான். எழுத்தில் முதலில் 'ப்' நிற்கும், வாயில் வராது. ஹெலிகாப்டரில் அந்த 'ப்' முந்தைய அசையோடு ஒட்டி 'காப்' ஆகிவிட்டது.

வெட்டுகிற இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுவது நமக்குப் புதிதல்ல. 'வேங்கை' சேர்ந்து நின்றால் மரம் அல்லது புலி. வேம்+கை என்று பிரிந்தால் வேகின்ற கை. பள்ளியில் பொதுமொழி என்று படித்தோமே, அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? இலங்கைத் தமிழ் நாளேடுகள் 'உலங்கு வானூர்தி' என்று இயல்பாக எழுதுகின்றன. தமிழ்நாட்டு நாளேடுகளில் பெரும்பாலும் ஹெலிகாப்டர்தான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'திருகுசிறகி' என்று வரும். கேட்க ஏதோ பறவை இனம் மாதிரி இருக்கிறது, எனக்கே பிடிக்கவில்லை. உலங்கு வானூர்தி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லை வரிக் கடைசியில் உடைக்க நேர்ந்தால், ஹெலி-காப்டர் என்றே உடையுங்கள். கிரேக்க மூலத்துக்கு விசுவாசமாக வெட்டினால் அடுத்த வரி 'ப்' என்று புள்ளி எழுத்தில் தொடங்கும். தமிழில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்குவதில்லை.